கோப்பையில் இல்லாத பெயர்கள்

எந்தக் கல்லூரிக்குச் சென்றாலும் முதல்வர் அறையிலோ உடற்கல்வித் துறையிலோ ஒரு கண்ணாடி அலமாரியைக் காணலாம். அதனுள்ளே வெள்ளி முலாம் பூசிய கோப்பைகளும் மரப்பலகையில் பதித்த கேடயங்களும் அணிவகுத்து நிற்கும். அருகே சென்று அவற்றில் பொறித்துள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். யாருடைய நினைவாக அது வழங்கப்படுகிறது என்பது இருக்கும். வழங்கிய வள்ளலின் பெயர் இருக்கும். எந்த ஆண்டு எந்தக் கல்லூரி வென்றது என்பதும் இருக்கும். ஆனால், வியர்வை சிந்தி அக்கோப்பையை வென்று வந்த வீரர்கள் யார், அவர்களைப் பழக்கிய ஆசான் யார் என்பது மட்டும் இராது. கொடுத்தவருக்குப் பெயர் உண்டு. எடுத்தவருக்குப் பெயர் இல்லை. இந்தக் குறையை நம் கல்லூரிகள் போக்க வேண்டும், அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை என்பதே என் கருத்து.

கூடைப்பந்தை முன்னிறுத்தி இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் திருமங்கலம் வட்டாரத்தில் கபடிக்கு ஊர் இருக்கிறது. பொங்கல் விளையாட்டில் எதிரணி முழுவதையும் வீழ்த்தித் திரும்பியவனின் பெயரை ஊர்ச் சாவடி மறப்பதில்லை. இருபது ஆண்டு கழிந்தும், ‘அந்தக் காலத்தில் இன்னார் பாடிப் போனால்...’ என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். கூடைப்பந்துக்கு அந்தப் பேறு இல்லை. இருபத்தெட்டு மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளமும், பத்தடி உயரத்தில் இரும்பு வளையமும் நம் கரிசல் காட்டுச் சிற்றூர்களில் எத்தனை இடத்தில் உண்டு? பள்ளியிலும் கல்லூரியிலும்தான் அந்த ஆட்டம் வாழ்கிறது. மூன்றாண்டு படித்து, மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு பேருந்து ஏறும் நாளோடு பெரும்பாலோரின் ஆட்டம் முடிகிறது. அன்றே பெயரும் முடிகிறது. மாணவியர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. திருமணமாகிப் போன ஊரில், அவர்கள் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள் என்பதை அறிந்தவர் ஒருவரும் இரார். ஊர் நினைவில் வைக்க இயலாததைக் கல்லூரி அல்லவா நினைவில் வைக்க வேண்டும்?

வீரனின் பெயரை எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. 2006-ஆம் ஆண்டு, தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில நடுகற்களைக் கண்டெடுத்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழி எழுத்து அவற்றில் இருந்தது. ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒரு வீரனின் ஊரும் செயலும் பெயரும் அங்கே ஒரு கல்லில் மிகச் சில சொற்களில் அடங்கியிருக்கின்றன. அவன் மன்னன் அல்லன், வள்ளலும் அல்லன். எனினும் அவன் பெயர் நின்றது. நடுகல் நாட்டுவதைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல் நிலை. வாழ்த்துவது இறுதி நிலை. நாமோ ஆண்டு விழாவில் கை தட்டி வாழ்த்துவதோடு நின்றுவிடுகிறோம். கல்லைத் தேடுவாரும் இல்லை, நடுவாரும் இல்லை.

கூடைப்பந்து பிறந்த நாட்டார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர் பழக்கூடைகளை உயரே கட்டித் தொங்கவிட்டு, பதின்மூன்று விதிகளை வகுத்து இவ்வாட்டத்தைத் தொடங்கினார். அவர் பெயரால் 1959-இல் ‘புகழ் மண்டபம்’ ஒன்று அதே ஊரில் நிறுவப்பட்டது. கல்லூரிக் கூடைப்பந்துக்கென்றே தனியாக ஒரு மண்டபத்தைப் பயிற்சியாளர் சங்கத்தார் 2006-இல் ஏற்படுத்தினர். அது கான்சாஸ் சிட்டி நகரில் உள்ளது. முதன்முதல் அதில் இடம்பெற்ற ஐவர் நெய்ஸ்மித், ஜான் வுடன், டீன் ஸ்மித், பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன் ஆகியோர். இவர்களுள் வுடனும் ஸ்மித்தும் பயிற்சியாளர்களாகப் பெயர் பெற்றவர்கள். ரஸ்ஸலும் ராபர்ட்சனும் ஆட்டக்காரர்கள். ஆசானையும் மாணவனையும் அங்கே ஒரே வரிசையில் அமர்த்தியிருக்கிறார்கள்.

அதன் பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள். நெய்ஸ்மித் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது அவரது அணி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் தோற்றவர். ஆனால் அவரிடம் பயின்ற ஃபாக் ஆலன் பெரும் பயிற்சியாளர் ஆனார். ஆலனிடம் ஆடியவர் டீன் ஸ்மித். ஸ்மித்தின் கல்லூரி அணியில் வளர்ந்தவர் உலகறிந்த மைக்கேல் ஜோர்டன். வுடன் அடிப்படையில் ஓர் ஆங்கில ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தம் அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்த அவர், பருவத் தொடக்கத்தில் மாணவர்களுக்குக் காலுறையைச் சுருக்கமின்றி அணிவது எப்படி என்றுதான் முதலில் கற்பித்தாராம். காலில் கொப்புளம் கண்டவன் எப்படி ஓடுவான்? இவ்வளவு சிறிய பாடத்தையும் நினைவில் வைத்துப் போற்றும் பண்பைத்தான் நாம் அவர்களிடம் கற்க வேண்டும்.

அந்தச் சங்கிலி நம் நாட்டையும் தொடுகிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் தமிழகமெங்கும் பந்தும் ஊதுகுழலுமாகப் பரவினர். முன்பு மதுரை மாவட்டத்தோடு இணைந்திருந்த பெரியகுளத்தில், சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகளாகக் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தி வருகிறது. சென்னையில் வளர்ந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆட்டம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அதை ஊன்றியவர்களின் பட்டியல்தான் நம்மிடம் இல்லை.

‘இத்தகைய பெருமைகளுக்கு அரசு விருதுகள் இருக்கின்றனவே’ என்று சிலர் கூறலாம். உண்மைதான். 1961 முதல் வீரர்களுக்கு அர்ஜுனா விருதும், 1985 முதல் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருதும் வழங்கப்படுகின்றன. ஆனால் அவை மலை உச்சியில் ஏற்றும் தீபங்கள். உச்சியில் நிற்பவரை நாடு பார்த்துக்கொள்ளும். அடிவாரத்தில் நிற்பவரைக் கல்லூரிதான் பார்க்க வேண்டும்.

‘பந்து வாங்கவே பணமில்லாத இடத்தில் பெயர்ப்பலகை எதற்கு?’ என்ற கேள்விக்கு வலிமை அதிகம். பந்தா பலகையா என்று வந்தால் பந்தையே வாங்க வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏழ்மை புகழுக்குத் தடையாகாது. அமெரிக்காவில் இம்மாகுலாட்டா என்றொரு சிறிய மகளிர் கல்லூரி இருந்தது. 1967-இல் அதன் உள்விளையாட்டு அரங்கு தீக்கிரையானது. சொந்தக் களமின்றி வேற்றிடங்களில் பயின்ற அப்பெண்கள், 1972-இல் தேசியப் போட்டிக்குச் செல்லப் பணமின்றிப் பல்துலக்கும் தூரிகைகளை விற்றுக் காசு சேர்த்தனர். சென்றவர்கள் பட்டத்தோடு திரும்பினர். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அவர்களே வென்றனர். 2014-இல் அந்த அணி முழுவதும் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. யாரோ பெயர்களைக் குறித்து வைத்ததால்தானே நாற்பது ஆண்டுக்குப் பின்னும் அவர்களைத் தேடி அழைக்க முடிந்தது?

‘இன்று பெயர் எழுதத் தொடங்கினால் நாளை வேண்டியவர் பெயரும் வசதியுள்ளவர் பெயரும்தான் ஏறும்’ என்ற அச்சமும் நியாயமானதே. பில் ரஸ்ஸலின் வாழ்க்கை இதற்குப் பாடம் சொல்கிறது. 1975-இல் ஸ்பிரிங்ஃபீல்டு மண்டபம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் விழாவுக்குச் செல்லவில்லை. தமக்கு முன்னே தகுதி பெற்ற கறுப்பின வீரர்கள் வெளியே நிற்கத் தாம் உள்ளே நுழைவது முறையன்று என்பது அவர் கருத்து. தொழில்முறைக் கழகம் ஒன்று 1950-இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த கறுப்பின வீரரான சக் கூப்பருக்கு 2019-இல் இடம் கிடைத்த பிறகே, அதற்குரிய மோதிரத்தை ரஸ்ஸல் ஏற்றார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்! மண்டபம் கட்டுவது எளிது. அதன் வாயிலில் நீதியை நிறுத்துவதுதான் அரிது. ஆகவே முதல் நாளே விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும்.

என் யோசனை இதுதான். முதலில் ஒரு கெட்டி அட்டைப் பதிவேடு தேவை. கல்லூரிச் சட்டையணிந்து கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் களமிறங்கிய ஒவ்வொருவர் பெயரும், சொந்த ஊரும், படித்த வகுப்பும், ஆடிய ஆண்டும் அதில் ஏற வேண்டும். வென்றவர், தோற்றவர் என்ற வேறுபாடு இதில் வேண்டா. அடுத்து, ஆடுகளத்தை நோக்கிய சுவரில் ஒரு பலகை. ஆண்டுக்கு ஓர் ஆட்டக்காரர், ஒரு பயிற்சியாளர் என இரண்டே பெயர்கள். பெயருக்குக் கீழே அவர் செய்தது என்ன என்று ஒரே வரி. கல்லூரியை விட்டுப் பத்தாண்டு கழிந்தவரை மட்டுமே கருத வேண்டும். அப்போதுதான் இன்றைய செல்வாக்கு அங்கே செல்லாது. நன்கொடைக்காக எவர் பெயரும் ஏறக் கூடாது. மாணவியர்க்குச் சம இடம் வேண்டும். அதிகாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மாலையில் வலையை அவிழ்த்து வைக்கும் களப் பணியாளரும் பயிற்சியாளர் வரிசையில் கருதப்பட வேண்டும். தேர்வுக் குழுவில் உடற்கல்வி இயக்குநரோடு, பழைய மாணவர் ஒருவரும் விளையாட்டுத் துறை சாராத பேராசிரியை ஒருவரும் இருந்தால் போதும். கூடைப்பந்தில் தொடங்கும் இம்முறை பின்னர் மற்ற ஆட்டங்களுக்கும் விரியட்டும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு பதிவேட்டின் விலையும், பெயர்ப்பலகை எழுதும் ஓவியருக்குத் தரும் கூலியும்தான். வரவோ பெரிது. முன்பு ஆடியவர் தம் மகளை அழைத்து வந்து அச்சுவரைக் காட்டுவார். போகும்போது இரண்டு பந்து வாங்கித் தந்துவிட்டுப் போவார். கிராமத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, ஒதுங்கி நின்று ஆட்டத்தைப் பார்க்கும் மாணவன், பலகையில் தன் ஊர்ப் பெயரைக் கண்டால் ஓரடி முன்னே வருவான்.

மாணவ நண்பர்களே! அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டா. இந்த ஆண்டு அணியில் ஆடிய பன்னிருவர் பெயரையும், அவர்களைப் பழக்கியவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி உடற்கல்வித் துறையில் கொடுங்கள். பதிவேட்டின் முதற்பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.