‘பெரியவர்களுக்கு மட்டும்’: பலகைக்கு வெளியே நிற்பது யார்?

கப்பலில் உல்லாசப் பயணம் போவது இன்று பெரும் பணக்காரர்களின் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் புறப்பட்டது. முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து அப்பா, அம்மாவை வரவழைத்து, மூன்று நாள், நான்கு நாள் கப்பலில் சுற்றிக் காட்டி அனுப்புகிறார்கள். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்திலும் அப்படிப் போய் வந்தவர்கள் உண்டு. வைத்தியத்துக்கு வந்து உட்கார்ந்ததும் முழங்கால் வலியைச் சொல்வதற்கு முன்னால் கப்பல் கதையைத்தான் சொல்வார்கள்!

அந்தக் கதையில் ஒரு புகாரும் சேர்ந்தே வரும். “டாக்டர், அங்கே கண்ணாடிக் கூரை போட்டு அழகா ஒரு குளம் இருக்கு. ஆனா பேரனை உள்ளே விட மாட்டேன்னுட்டாங்க. அவனுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் எடுத்தோம்? குழந்தைங்களை ஒதுக்கி வைக்கிறது என்ன நியாயம்?”

விஷயம் இதுதான். பெரிய உல்லாசக் கப்பல்களில் குடும்பத்தோடு குளிக்க ஒரு குளம், சின்னக் குழந்தைகள் தண்ணீரில் விளையாட ஓர் இடம், பெரியவர்களுக்கு மட்டும் ஓர் இடம் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். ராயல் கரீபியன் கப்பல்களில் அதற்கு ‘சோலாரியம்’ என்று பெயர். 16 வயது ஆனவர்களுக்குத்தான் அனுமதி. டிஸ்னி கப்பல்களில் 18 வயது. கார்னிவல் கப்பல்களின் ‘செரனிட்டி’ பகுதியில் 21. விர்ஜின் வாயேஜஸ் நிறுவனத்தில் கப்பல் முழுவதுமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான்!

நம்மூரில் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்றால் சினிமா போஸ்டரில் இருக்கும் ‘ஏ’ முத்திரைதான் ஞாபகத்துக்கு வரும். அதனாலேயே சிலர், “உள்ளே என்னமோ நடக்குது” என்று சந்தேகப்பட்டு, தாங்களும் எட்டிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, ஐயா. உள்ளே நாலு பேர் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

ஒரு வைத்தியனாக என் கருத்தைக் கேட்டால், அந்தப் பலகை சரியானது. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம், சுத்தம். கப்பல் குளம் நம் ஏரி போலப் பரந்தது அல்ல. சின்னத் தொட்டி, அதில் இறங்கும் கூட்டமோ அதிகம். குளோரின் போட்டுவிட்டால் எல்லாக் கிருமியும் உடனே செத்துவிடும் என்று நினைக்கிறோம். ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்று ஒரு கிருமி இருக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்குவது. சரியான அளவில் குளோரின் கலந்த தண்ணீரிலேயே அது ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ‘டயபர்’ கட்டிய ஒரு குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால், அந்தத் தண்ணீர் வாயில் போகும் அத்தனை பேருக்கும் ஆபத்து. அதனால்தான் அமெரிக்காவின் சி.டி.சி. என்கிற நோய்த் தடுப்பு அமைப்பு, தன் கண்காணிப்பில் உள்ள கப்பல்களில் டயபர் போட்ட குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. இது குழந்தையை வெறுப்பது ஆகாது. மற்ற குழந்தைகளையும் சேர்த்துக் காப்பாற்றுவது.

இரண்டாவது காரணம், உடம்பு. மனித ஆயுளை மூன்று பங்காகப் பிரித்து, முதல் 33 ஆண்டு வாதம், அடுத்த 33 பித்தம், அதற்கு மேல் கபம் மேலோங்கும் காலம் என்று சொல்வது சித்த மருத்துவம். ஐந்து வயதுக்கும் அறுபத்தைந்து வயதுக்கும் ஒரே தண்ணீர், ஒரே சூடு, ஒரே நேரம் ஒத்துவராது. பெரியவர்கள் பகுதியில் பெரும்பாலும் குமிழி விடும் வெந்நீர்த் தொட்டியும் இருக்கும். அதன் சூடு 40 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். சின்னக் குழந்தையின் உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது, சீக்கிரமே கொதித்துவிடும்.

மூன்றாவது காரணம், மனசு. ஓயாமல் கூச்சல், ஓயாமல் கவனிப்பு என்று இருக்கிறவர்களுக்குச் சத்தமில்லாத ஒரு மணி நேரம் மருந்து மாதிரி. வயதானவர்கள் தண்ணீரில் மெல்லக் காலை ஆட்டி நடந்தால், உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், மூட்டுக்கு இதம். நாலு பையன்கள் குதித்துக் கும்மாளம் போடும் குளத்தில் அதற்கு வழியே இல்லை.

வயது பார்த்து இடம் கொடுப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததும் இல்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுப்பவர்கள் 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருப்பவர்களையே எடுத்தார்கள். அப்படி எடுத்த ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம்தான் ஊர்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கே வயது வரம்பு, சுகம் அனுபவிக்க அல்ல, பொறுப்பு சுமக்க. நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கப்பலில் அந்தப் பலகைக்கு உள்ளே யார் போகிறார்கள், வெளியே யார் நிற்கிறார்கள்?

போய் வந்தவர்களிடம் விசாரித்தால் ஒரே மாதிரிப் பதில்தான். மகனும் மருமகளும் உள்ளே. பாட்டி வெளியே. “நீங்க பேரனைப் பார்த்துக்கோங்கம்மா, நாங்க ஒரு அரை மணியிலே வந்துடறோம்.” அந்த அரை மணி இரண்டு மணியாகும். ஈரத்தில் வழுக்கும் தளத்தில், முழங்கால் வலியோடு அறுபது வயதுப் பாட்டி நாலு வயதுப் பையன் பின்னால் ஓடுகிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. பையன் தண்ணீரில் விழுந்தால் அவளால் என்ன செய்ய முடியும்? கத்த முடியும். அது யார் காதில் விழும்?

மகனையும் மருமகளையும் நான் குற்றம் சொல்லவில்லை. மருமகளும் பாவம்தான், வருஷம் முழுக்க ஆபீஸ், சமையல், வீட்டுப்பாடம். அவளுக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் அந்த ஓய்வைப் பாட்டியின் உடம்பிலிருந்து எடுக்கக்கூடாது. குழந்தையின் உயிரைப் பணயம் வைத்தும் எடுக்கக்கூடாது.

நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட பிஞ்சுகள். சினிமாவில் காட்டுவது போலக் கையை ஆட்டி, “காப்பாத்துங்க” என்று குழந்தை கத்தாது. மூச்சு விடவே முடியாதபோது கத்துவது எப்படி? சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். நாம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு நிமிரும் நேரம் போதும்.

“கப்பலில் காவலுக்கு ஆள் இருப்பாங்களே, சார்?” என்று கேட்பீர்கள். எல்லாக் கப்பலிலும், எல்லா நேரமும் இருப்பார்கள் என்று நம்பாதீர்கள். ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்ற பெரிய நிறுவனங்களே 2017-ல்தான் குளங்களுக்கு உயிர்காக்கும் காவலர்களைப் போட ஆரம்பித்தன. காவலர் இருந்தாலும் உங்கள் குழந்தைக்கு முதல் காவல் நீங்கள்தான். எட்டிப் பிடிக்கும் தூரத்தில், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் கையில் போன் இருக்கக்கூடாது.

அப்படியானால் என்னதான் செய்வது? ஏரிப் பாசனத்தில் நம் விவசாயிகள் செய்வதைச் செய்யுங்கள். இன்று இந்த மடை, நாளை அந்த மடை என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அது போலக் கப்பல் ஏறிய அன்றே முறை பேசிவிடுங்கள். காலையில் தாத்தாவும் பாட்டியும் பெரியவர்கள் குளத்துக்கு, குழந்தையோடு அப்பா. மாலையில் அம்மாவுக்கு ஒரு மணி நேரம். அப்புறம் அப்பாவுக்கு. யார் முறையோ அவர் நிம்மதியாகப் போகவேண்டும். குற்ற உணர்ச்சியே வேண்டாம். வயதானவர்களை முதலில் அனுப்புங்கள். அவர்களாக வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

உள்ளே போகும் பெரியவர்களுக்கும் சில வார்த்தை.

வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பிளட் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதய நோயாளிகளும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் அதில் இறங்கவே கூடாது. கர்ப்பிணிகள் வெந்நீர்த் தொட்டியைத் தவிர்ப்பதே நல்லது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு சுடுவதே தெரியாது, ஜாக்கிரதை. வயிறு நிறையச் சாப்பிட்டதும் இறங்காதீர்கள். மது அருந்திவிட்டு இறங்கவே வேண்டாம்.

குழந்தைகள் இல்லாத தண்ணீர் என்பதாலேயே அது சுத்தமாகிவிடாது. 1994-ல் ‘ஹொரைசன்’ என்ற உல்லாசக் கப்பலின் குமிழித் தொட்டிகளிலிருந்து ‘லீஜியனேர்ஸ்’ என்ற கடுமையான நுரையீரல் காய்ச்சல் பரவி, ஒன்பது பயணங்களில் 50 பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் கிருமி நீராவித் துளியோடு மூச்சில் போகும். ஐம்பது வயது தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்கவேண்டும். பயணம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கப்பலில் போய் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். சித்த வைத்தியன் நானே இதைச் சொல்கிறேன்!

இன்னொன்று. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பொதுக் குளத்தில் இறங்காதீர்கள். ஷவரில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குவதுதான் மரியாதை. குளத்தில் மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ சுத்தத்துக்கு அடையாளம் இல்லை. நம் வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாக்கும் வாடை அது.

“எங்களுக்கு எதுக்கு சார் கப்பல் கதை? நாங்க மகாபலிபுரம் போறதே வருஷத்துக்கு ஒரு தடவை” என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. எண்ணெய்க் குளியல் நாளில் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் வெந்நீர் விளாவிக் கொடுப்பது யார்? பிள்ளைகளின் தலையைத் தேய்த்து, சாம்பிராணி போட்டு, சமையலை முடித்து, மிச்சம் இருக்கும் ஆறிப்போன தண்ணீரைக் கடைசியில் தலையில் ஊற்றிக்கொள்வது யார்? அப்புறம், “அம்மாவுக்கு அடிக்கடி சளி பிடிக்குது, டாக்டர்” என்று என்னிடம் கூட்டி வருகிறீர்கள்!

கப்பல்காரன் காசு வாங்கிக்கொண்டு பலகை மாட்டுகிறான். நீங்கள் காசில்லாமலே மாட்டலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், வீட்டுக் குளியலறை அம்மாவுக்கு மட்டும். பிள்ளைகளை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். வெந்நீரையும் அவரே போட்டுக் கொடுக்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமையே ஆரம்பியுங்கள்.