காரணம் சொன்னால் கேட்போம்

போன மாதம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. இப்போது நலம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தோன்றியதை எழுதுகிறேன்.

ஆபரேஷன் அன்று காலை என் மனைவி, "வெறும் வயிற்றோடு போகவேண்டாம், அரை டம்ளர் காபி குடிங்க" என்று பிளாஸ்கைத் திறந்துவிட்டார். பயிற்சிக்கு வந்திருந்த நர்சிங் மாணவி ஒருத்தி ஓடிவந்து தடுத்தாள்.

"அம்மா, மயக்க மருந்து கொடுத்ததும் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் சேர்ந்த காபி என்றால் 6 மணி நேர இடைவெளி வேண்டும்" என்றாள். பிறகு, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றும் கேட்டாள். மனைவி சொன்னார். பிளாஸ்க் மூடியது.

பக்கத்துக் கட்டில்காரரிடம் "ஒன்றும் சாப்பிடக்கூடாது" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். இரண்டு இட்லிதானே என்று சாப்பிட்டுவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. திட்டு வாங்கியதும் அவரே. பாடம் நடத்தாமல் பரீட்சை வைத்தால் யார் தப்பு?

என் பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று மூன்று இடங்களில் கேட்டார்கள். எனக்குச் சலிப்பு. ஆள் மாறாமல், பக்கம் மாறாமல் இருக்கத்தான் அது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென 2008இல் 19 அம்சப் பட்டியலே வெளியிட்டது என்றாள் அந்தப் பெண். தெரிந்த முகங்களுக்கே தினமும் வருகைப்பதிவு எடுத்தவன் நான். புரிந்துகொண்டேன்.

ஆபரேஷன் முடிந்தபின், இருமும்போது தையல்மேல் தலையணையை அழுத்திப் பிடிக்கவும், காலில் ரத்தம் உறையாமலிருக்க கணுக்காலை அசைக்கவும் கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு.

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். தமிழ்வழியில் படித்த பிள்ளை. "தமிழில் எங்கள் பாட்டியிடம் சொல்லிப் பழகினேன் சார்" என்றாள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன. ஆனால் நோயாளிக்குப் புரியும்படி தமிழில் விளக்குவதற்குச் செய்முறைத் தேர்வில் கணிசமான மதிப்பெண் வேண்டும். நர்ஸுகளுக்கு நேரமில்லை என்பீர்கள். உண்மைதான், வார்டில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தேன். ஆனாலும் காரணம் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாததால் அந்த மனிதருக்கு ஒரு நாள் வீணானது.

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும். ஆசிரியர் பயிற்சியில் நான் படித்த இந்தப் பாடத்தை, அந்தப் பெண் வார்டில் செய்துகாட்டினாள். நன்றாக இருக்கட்டும்.