ஐப்பசி பிறப்பதற்குள் செட்டுகளைத் திறப்போம்!

தோழர்களே! கடலூர் மாநகராட்சியில், சிதம்பரம் நகராட்சியில், தாலுகா ஆபீசில், தீயணைப்பு நிலையத்தில், வெள்ளக் காலத்து ஆற்றங்கரையில் வயர்லெஸ் செட்டைக் கையில் பிடித்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் இந்த அழைப்பு.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் கரையில் ஏறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, செல்போன்கள் ஊமையாயின. 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட இரவில் ஊருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவே மிஞ்சுவது நம் செட் ஒன்றுதான். அது பேசியே ஆகவேண்டும்.

அதற்கு, சானலின் அகலத்தைக் குறைக்கும் மாற்றத்துக்கு நாம் முன்கூட்டியே தயாராகவேண்டும். பழைய செட்டுகள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பேசுபவை. புது முறையில் ஒரு சானலுக்கு 12.5 மட்டுமே. ஒரு வயலில் நடுவரப்பு போட்டு இரண்டாக்கிய கதைதான்: வரப்பை மதிக்காதவன் பக்கத்துப் பயிரை மிதிப்பான். ஆனால் பக்கத்துச் சானலைவிட நம்முடைய சானலுக்குள் வரும் கேட்டைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பாதிச் செட்டை மாற்றிப் பாதியை விட்டுவைத்தால், கொள்ளிடக் கரையிலிருந்து புதுச் செட்டில் “பெராம்பட்டுக்குப் படகு அனுப்புங்க” என்று ஒருவர் கத்துவார். பழைய செட்டில் அது முனகலாக விழும். பழைய செட்காரர் பதில் சொன்னால் புதுச் செட்டில் குரல் உடைந்து கரகரக்கும். இரண்டு பேரும் மைக்கை அழுத்தி அழுத்தி நேரத்தைத் தொலைப்பார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிடும். ஆகவே அரைகுறை மாற்றம் கூடவே கூடாது. ரிப்பீட்டர், ஜீப்பில் பூட்டிய செட், கையில் இருக்கும் வாக்கிடாக்கி எல்லாம் ஒரே நாளில் மாறட்டும்!

அமெரிக்காவைப் பாருங்கள். 150 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும் போலீஸ், தீயணைப்பு, நகராட்சி செட்டுகள் 2013 ஜனவரி 1க்குள் 12.5க்கு மாறவேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே விதித்தார்கள். அத்தனை அவகாசம் இருந்தும் எத்தனையோ ஊர்கள் கடைசியில் கூடுதல் கெடு கேட்டு மனுப் போட்டன. பணம் படைத்த நாட்டிலேயே இந்தக் கதி. இங்கே 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. அலைவரிசைகளைத் திரும்ப எடுத்து ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதில் மத்திய அரசுக்கு உண்டு. பேரிடர் மேலாண்மைக்கு ஏலமின்றி அலைவரிசை தரவும் அதிலேயே வழி இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெற நம் லைசென்ஸ் உயிரோடு இருக்கவேண்டும். அகலத்தைக் குறைக்கச் சொல்லும் உத்தரவு கைக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்!

இந்த வாரமே அலமாரியைத் திறந்து செட்டுகளை மேசையில் பரப்புங்கள். புரோகிராம் போட்டு மாற்றக்கூடியது எது, கிரிஸ்டல் வைத்த பழசு எது என்று பிரியுங்கள். கிரிஸ்டல் செட்டைக் கழித்துவிட்டுப் புதியது கேட்டு இன்றே எழுதுங்கள்; பட்ஜெட்டில் இடம் பிடிக்க நாளாகும். லைசென்ஸில் எழுதிய அலைவரிசையும் அகலமும் செட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பேட்டரியைப் பேசிப் பார்த்துத்தான் நம்பவேண்டும், சார்ஜர் விளக்கை நம்பி இருக்காதீர்கள்.

அகலம் குறைந்தால் எட்டும் தூரமும் கொஞ்சம் குறையும். முன்பு தேவனாம்பட்டினத்திலிருந்து கேட்டது இனியும் கேட்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை, ஜெயங்கொண்டபட்டினம் என்று ஒவ்வோர் ஊருக்கும் நேரில் போய் நின்று பேசுங்கள். குரல் விழாத இடத்தைக் குறித்துவந்தால்தான் ஆன்டெனாவை எங்கே உயர்த்துவது, எங்கே இன்னொரு ரிப்பீட்டர் கேட்பது என்று தெரியும்.

பணி ஓய்வு பெற்ற மூத்த ஆபரேட்டர்களையும் ஹாம் ரேடியோ நண்பர்களையும் கூப்பிடுங்கள், வருவார்கள். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் கடலூரும் சிதம்பரமும் ஒரே நாளில் மாறவேண்டும். அந்த நாளைக் குறிக்க இரண்டு ஊர்க்காரர்களும் உடனே கூடுவோம். வரும்போது செட்டையும் சார்ஜரையும் லைசென்ஸ் நகலையும் கையோடு கொண்டுவாருங்கள், தோழர்களே!