கோலக்கரையும் குழுப்படமும்



தோட்டத்துக் குழுப்படம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். நடுவே நாற்காலியில் துரை, இருபுறமும் கிராணிமார், பின்வரிசையிலும் ஓரங்களிலும் நம் பாட்டனும் பாட்டியும். இந்தத் தீவுக்கு எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயர் நிலைத்துவிட்டது. காட்டை வெட்டி, கால்வாய் தோண்டிய நம்மவரின் பெயரோ வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

அந்தப் படங்களைப் பிள்ளைகள் இப்போது கைப்பேசியில் பிடித்து, இணையப் பக்கம் செய்து ஏற்றுகிறார்கள். நல்ல காரியம். படத்தைச் சுற்றி அழகான கரை வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நம் வீட்டு வாசல் கோலத்தையே கரையாக வைக்கலாமே! அது எப்படி என்று இம்மாதம் பார்ப்போம்.

இணையப் பக்கத்துக்கு உடுத்திவிடும் மொழிக்கு சி.எஸ்.எஸ். என்று பெயர். நார்வே நாட்டவரான ஹோக்கோன் வியூம் லீ 1994-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது. ஒரு படத்தையே கரையாக ஓட்டும் 'பார்டர் இமேஜ்' என்னும் வசதி பின்னாளில் சேர்ந்தது.

முதலில் ஒரு கட்டத்தாளில் சதுரம் போடுங்கள். அதை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரியுங்கள். நான்கு மூலைக் கட்டங்களில் மூலைக் கோலம், நான்கு பக்கக் கட்டங்களில் தொடர்ந்து ஓடக்கூடிய கோலம், நடுக்கட்டம் வெறுமை. அதைப் படம் பிடித்து, நீளம் 90 பிக்சல், உயரம் 90 பிக்சல் என்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் 30 பிக்சல் ஆகும். சேலை நெய்பவர் முந்தானையை ஒரு மாதிரியாகவும் கரையை ஒரு மாதிரியாகவும் நெய்வது போல, கணினியும் மூலைகளைத் தனியாக வைத்து, பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும்.

எழுதும் வரிசை முக்கியம். முதலில் 'பார்டர்' என்று எழுதி, 30 பிக்சல், சாலிட் என்று கொடுக்க வேண்டும். அதன் பிறகே 'பார்டர் இமேஜ்' வரியை எழுத வேண்டும். வரிசை மாறினால், பின்னால் வரும் 'பார்டர்' முன்னதை அழித்துவிடும். கோலப் படத்தை எங்கே வெட்டுவது என்பதற்கு 30 என்ற எண்ணை மட்டும் எழுதுங்கள். அந்த இடத்தில் பிக்சல் என்று சேர்த்தால் கணினி ஏற்காது.

இனி ஒரு சின்னக் கணக்கு. உங்கள் படத்தின் அகலம் 310 பிக்சல். கோலத் துண்டு 30. பத்துத் துண்டு வைத்தால் 300, மீதி 10. 'ஸ்ட்ரெச்' என்று எழுதினால் ஒரே துண்டை 310 வரை இழுத்துவிடும், புள்ளியெல்லாம் முட்டையாகிவிடும். 'ரிப்பீட்' என்றால் ஓரங்களில் கோலம் பாதியில் அறுபடும். 'ஸ்பேஸ்' என்றால் மீதி 10 பிக்சலை இடைவெளியாகப் பங்கிடும், இழை தொடராது. 'ரவுண்ட்' என்றால் பத்துத் துண்டையும் 31 பிக்சலாக்கிச் சரியாக நிரப்பும். இழை விடாமல் ஓடும் நம் கோலத்துக்கு 'ரவுண்ட்' தான் பொருத்தம்.

கரை அழகாக வந்துவிட்டது என்பதோடு வேலை முடிந்துவிடாது. படத்தைக் குறிப்பிட்ட சட்டத்துக்குள் அடக்க, நீளம் அகலம் இரண்டையும் நிலையாகக் கொடுத்து, 'கவர்' என்று எழுதுவார்கள் பிள்ளைகள். அப்போது நடுப்பகுதி நிற்கும், ஓரம் வெட்டுப்படும். துரை இருப்பார், பாட்டி போய்விடுவாள்! ஆகையால் அகலத்துக்கு மட்டும் உச்ச அளவு 100 விழுக்காடு என்றும், உயரத்துக்கு 'ஆட்டோ' என்றும், 'பாக்ஸ் சைஸிங்' என்பதற்கு 'பார்டர் பாக்ஸ்' என்றும் கொடுக்கச் சொல்லுங்கள். சிறிய கைப்பேசியிலும் முழுப்படமும் கரையோடு சேர்ந்து சுருங்கும். யாரும் வெளியே தள்ளப்பட மாட்டார்கள்.

இன்னொன்று. நம் தீவின் சுங்கை பும்புன் கிராமத்து மா மெரி மக்களின் மரச்செதுக்கு வேலைப்பாடு உலகம் அறிந்தது. அதைப் படம் பிடித்துக் கரையாக்க ஆசை வந்தால், செதுக்கியவரிடம் கேட்டு, அவர் பெயரையும் போடுங்கள். நம் உழைப்புக்கு நாம் கேட்கும் மரியாதை அவர்களுக்கும் உரியது.

பார்வையற்றோருக்காகப் பக்கத்தைப் படித்துக் காட்டும் கருவி, கரையைப் படிக்காது, எழுத்தைத்தான் படிக்கும். ஆகவே படத்தின் கீழே பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக, ஓரத்தில் நிற்பவர் வரை. பெயர் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவரை இன்றே கேளுங்கள். கரையை நாளைக்கும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பெயர் சொல்லக்கூடியவர் என்றைக்கும் நம்மோடு இருப்பாரா?