எல்லைக்கோடு போடுமுன் ஊரைக் கேளுங்கள்

ஆத்தங்குடி இன்றைக்கும் ஊராட்சிதான். 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், கோவிலூர், இலுப்பக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியலில் ஆத்தங்குடி இல்லை. நமக்கு வரவில்லையே என்று ஆத்தங்குடிக்காரர்களோ சுற்றியுள்ள மற்ற செட்டிநாட்டு ஊர்க்காரர்களோ நிம்மதியாக இருந்துவிட முடியாது. நகரத்தின் எல்லை ஒருமுறை நகர்ந்ததும் மனைப்பிரிவுக்காரர்களின் கண் அடுத்த ஊருக்குப் போகும். விளைநிலத்தில் எல்லைக்கல் நடுவார்கள், சாலையோரத்தில் விளம்பரப் பலகை எழும்பும். அதற்குப் பின்னால் அடுத்த இணைப்புப் பட்டியல் வரும்.

ஓர் ஊரின் எல்லையையும் அந்த ஊர் நிலத்தின் பயன்பாட்டையும் மாற்றும் எந்த முடிவும் அந்த ஊர்க் கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் நடைமுறைக்கு வரக்கூடாது என்பதே நம் நிலைப்பாடு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் உறுப்பினர்களும் பதவியில் இல்லாத காலத்தில் அப்படியொரு முடிவை எடுக்கவே கூடாது.

காரைக்குடி வளரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1928-இல் நகராட்சியான ஊர் அது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் கல்லூரிகளும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தன. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் மட்டும் 1,06,714 பேர் இருந்தார்கள். அதன்பின் நகரம் நான்கு பக்கமும் வழிந்து பக்கத்து ஊராட்சிகளுக்குள் புகுந்துவிட்டது. குப்பைக்கும் கழிவுநீருக்கும் எல்லை தெரியாது. நகரத்து வாழ்க்கை வாழ்கிற ஒருவர் நகரத்துத் தெருவிளக்கையும் குடிநீரையும் கேட்பது நியாயம்தான். இணைப்பை விரும்புகிறவர்களும் அந்த ஊர்களில் இருப்பார்கள். விரும்புகிறவர், விரும்பாதவர் இருவரும் ஒரே சபையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க இடம் கொடுத்தார்களா என்பதுதான் நம் கேள்வி.

எது நகரம், எது கிராமம் என்று பிரிக்க அரசியலமைப்பின் 243கியூ பிரிவு சில அளவுகோல்களைச் சொல்கிறது: மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்போரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம். தலையையும் காசையும் எண்ணும் அந்தப் பட்டியலில் ஊர்க்காரர்களின் விருப்பத்துக்கு இடமில்லை. ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் மனு கொடுத்தவருக்குக் காரணத்தோடு பதில் வருமா என்பது அதிகாரியின் மனதைப் பொறுத்தது. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு சேர்க்கும் திட்டம் வெளியானது. ஊர் ஊராக மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். குடியரசு தினக் கிராம சபைகளில் பல ஊர்கள் இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. அவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் இல்லை. தங்களைக் கேட்காமல் தங்கள் முகவரியை மாற்றுவதைத்தான் எதிர்த்தார்கள்.

அவர்களின் அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்துவந்த கிராமப்புற வேலை உறுதி. வேலை உறுதிச் சட்டம் கிராமப்புறக் குடும்பங்களுக்கு மட்டுமே. ஊராட்சி என்ற பெயர் போன நாளிலிருந்து கண்மாய்க்கரையில் மண்வெட்டி பிடித்த பெண்ணின் வேலை அட்டை வெறும் காகிதம். அவருடைய வீடும் கூலியும் வயதும் மாறவில்லை, ஊரின் பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. நகர்ப்புற வேலைத்திட்டம் என்று மாநில அரசு 2022-இல் சில இடங்களில் தொடங்கியது உண்மை. ஆனால் கேட்டால் வேலை தந்தாக வேண்டும் என்ற சட்ட உரிமைக்கு அது ஈடாகாது.

இரண்டாவது வரி. செட்டிநாட்டுக்கு இது தனிச் சிக்கல். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை ஏறியது. பரப்பு கூடக் கூட வரியும் கூடும். மற்ற ஊர்களில் இது சரியான கணக்காக இருக்கலாம், பெரிய வீடு என்றால் பெரிய வசதி. இங்கே முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு மட்டுமே கதவு திறக்கும். ஓடு மாற்றுவதற்கே பணம் சேராத வீட்டின் மீது பரப்புக் கணக்கில் நகர வரி விழுந்தால், பங்காளிகளின் அடுத்த கூட்டத்தில் பேச்சு வீட்டை இடிப்பதில்தான் முடியும். பர்மா தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அந்தப் போக்கை வரிச்சீட்டு இன்னும் விரைவுபடுத்தும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியல் ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாற்றாது. மாநிலத்தின் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வர 2024 ஆனது.

மூன்றாவது, நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது, நிலப் பயன்பாடு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகடு, அந்தத் தகட்டின் கண்களில் கைநிதானத்தில் ஊற்றும் சாயக் கலவை, அதன்மேல் மணலும் சிமெண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறல், வெளியில் காயல். இதில் சூளை இல்லை, தீ இல்லை. ஆனால் வெட்டவெளி வேண்டும், தண்ணீர் வேண்டும், மணல் வேண்டும், பட்டறையை ஒட்டியே ஆட்கள் குடியிருக்க வேண்டும். வீடு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத ஊர் இது. மஞ்சள் நிறம் குடியிருப்பு, ஊதா நிறம் தொழில் என்று வரைபடத்தில் நிறம் பூசுகிறவர் மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்திருந்தால் அவருக்கு இந்த ஊர் ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். அப்படி நிறம் பூசிவிட்டால் பட்டறைக்காரர் கொட்டகையை நீட்டிக் கட்டப் போகும் ஒவ்வொரு முறையும் அலுவலகப் படியேற வேண்டியிருக்கும். பக்கத்து வயலை மனையாக்குகிறவரோ நிலவகை மாற்றத்தை ஒரே கோப்பில் வாங்கிக்கொண்டு போவார்.

தண்ணீரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். வறண்ட பூமியில் இந்த ஊர்களைக் கட்டியவர்கள் கூரை நீரும் தெரு நீரும் ஊருணிக்குப் போகும்படி வாட்டம் பார்த்துத் தெரு போட்டார்கள். நேர்நேராக ஓடும் அந்தத் தெருக்கள் அழகுக்கு மட்டுமானவை அல்ல, நீர்வழிகளும்கூட. வரத்துக்காலின் குறுக்கே ஒரு மனைப்பிரிவுச் சாலை விழுந்தால் போதும், ஊருணி காயும். அது எந்தச் சர்வே எண்ணில் நடக்கும் என்பது அந்த ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் வரைந்த வரைபடத்துக்குத் தெரியாது.

கேட்பதற்கான வழி சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்ட வரைவை அறிவித்து ஆட்சேபனைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். ஆனால் அரசிதழின் மூலையிலும் நாளிதழின் பொடி எழுத்து விளம்பரத்திலும் வரும் அறிவிப்பை எந்தப் பட்டறைத் தொழிலாளி படிப்பார்? ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டி, அதிகாரி எழுந்து நின்று விளக்கினால்தான் அது அறிவிப்பு.

அந்தச் சபையைக் கூட்டும் ஊராட்சி மன்றம் எங்கே? நம் சிவகங்கை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243இ பிரிவு. நடந்தது வேறு. தனி அலுவலர்கள் வந்தார்கள், 2025 முழுவதும் தேர்தல் இல்லாமலே கழிந்தது. இது புதிய நோயும் அல்ல. 2016 அக்டோபரில் முடிந்த நகர மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் உள்ளாட்சித் தேர்தல் மட்டும் எல்லை மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று தள்ளிப்போகிறது. சட்டமன்றத் தேர்தலை இப்படி ஒரு மாதம் தள்ளிப்போட யாருக்காவது துணிவு வருமா?

சங்கராபுரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 ஜனவரி வாக்கு எண்ணிக்கையில் முதலில் ஒருவரும், விடிந்ததும் இன்னொருவரும் ஊராட்சித் தலைவராக அறிவிக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் தலைவர் என்ற கேள்வியிலேயே ஊரின் ஆண்டுகள் கரைந்தன. பின்னர் அந்த ஊராட்சியே மாநகராட்சிக்குள் போய்விட்டது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற காரைக்குடி மன்றத்துக்குச் சங்கராபுரம் வாக்காளர் ஒருவரும் வாக்களித்ததில்லை. தாம் தேர்ந்தெடுக்காத மன்றத்தின் கீழ் வரி கட்டச் சொல்வதை மக்களாட்சி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

தீர்மானம் போட்டு என்ன பயன் என்று கேட்பவர்களின் சலிப்பும் புரிகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. 2024 மக்களவைத் தேர்தலையே அந்த ஊர் புறக்கணித்தது. அரசு அசையவில்லை. அதனால்தான் கிராம சபையின் கருத்தைக் கேட்பது போதாது, ஒப்புதலாக அதைச் சட்டத்தில் எழுத வேண்டும் என்கிறோம். நடக்காத காரியம் இல்லை இது. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் 2006-இல் மக்கள் திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி வாக்களித்து 25 உள்ளாட்சிகளை மூன்றாக்கினார்கள். 2011-இல் அது நடைமுறைக்கு வந்தது. கேட்டால் மக்கள் எப்போதும் மறுத்துவிடுவார்கள் என்பது ஆள்வோரின் வீண் பயம். காரணம் சொன்னால் தம் ஊரின் பெயரைக்கூட விட்டுக்கொடுக்க மக்கள் தயங்குவதில்லை.

மாநில அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. ஊராட்சித் தேர்தல் முடிந்து புதிய மன்றங்கள் பொறுப்பேற்கும் வரை எந்த இணைப்பையும் அறிவிக்கக் கூடாது. இணைத்த ஊர்களில் வேலை அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு மாநில நிதியில் அதே நாள்களும் அதே கூலியும் தர வேண்டும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கு, பராமரிக்கும் வரை, பரப்புக் கணக்கிலிருந்து விலக்கு வேண்டும். பட்டறையும் வீடும் கலந்த ஆத்தங்குடி போன்ற ஊர்களுக்குத் திட்ட வரைபடத்தில் தனி வகை வேண்டும்.

ஆத்தங்குடி மக்கள் அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டாம். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஊருணிகள், வரத்துக்கால்கள், பட்டறைகள், பழைய வீடுகள் ஆகியவற்றைச் சர்வே எண்ணோடு பட்டியலிட்டுக் கொண்டுபோங்கள். சபையின் சம்மதமின்றி இவற்றின் வகைப்பாட்டை மாற்றக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலை மாவட்ட ஆட்சியருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்பி, தேதியிட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள். வரைபடம் வரும் நாளில் நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.