உத்தமபாளையம் தாண்டிட்டேன் ஸார்!

ஆடி மாசம். தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ். என் பக்கத்தில் ஜன்னலோர சீட்டில் ஓர் இளைஞர். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மடியில் லேப்டாப் பை. பஸ் வீரபாண்டிக்குள் நுழைகிறபோது அவருடைய செல்போன் அடித்தது.

"ஸார்... வந்துக்கிட்டே இருக்கேன் ஸார். உத்தமபாளையம் தாண்டிட்டேன். இன்னும் பத்தே நிமிஷம்!"

ஊர் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். தேனியிலிருந்து கிளம்பினால் முதலில் வீரபாண்டி. அப்புறம் சின்னமனூர். அதற்கும் அப்புறம்தான் உத்தமபாளையம். ஆக, நம்ம ஆள் ஒரே வாக்கியத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கண்டக்டர் கத்த வேண்டும்? "வீரபாண்டி கோயில் எல்லாம் முன்னால வா! எறங்கு, எறங்கு!"

போனில் ஒரு மௌனம். பிறகு இவர், "அது... பக்கத்துல ஒருத்தர் வீடியோ பாக்குறாரு ஸார்."

அந்த 'பக்கத்துல ஒருத்தர்' நான்தான். என் கையில் இருந்தது வேர்க்கடலைப் பொட்டலம்!

அதோடு விட்டாரா? கம்பத்தில் இருக்கிற நண்பருக்கு உடனே போன். "மாப்ள, ஸார் கேட்டா நான் பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டேன்னு சொல்லு. டீ குடிக்கிறான்னு சொல்லு." சின்னமனூர் வந்தபோது, "டீ வேணாம்டா, வண்டி பஞ்சர்னு சொல்லிரு" என்று ஒரு திருத்தம். ஆடிக் காற்று ஜன்னல் வழியே அடித்துத் தள்ளுகிறது. இவருக்கு நெற்றியில் வியர்வை.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் ஞாபகம் இருப்பது ஒரே ஒரு விஷயம். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். உண்மைக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'லேட்டாயிருச்சு ஸார்' என்றால் கணக்கு முடிந்தது. பொய்க்கோ தனி லெட்ஜர் வேண்டும். யாரிடம் டீ சொன்னோம், யாரிடம் பஞ்சர் சொன்னோம் என்று ராத்திரி பகலாக டேலி பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. வியர்வை மட்டும் உண்டு.

இந்த வியர்வையை வைத்துத்தான் ஒரு கருவியே செய்தார்கள். 1921-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரப் போலீஸில் இருந்த ஜான் லார்ஸன் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒரே சமயத்தில் பதிவு செய்கிற கருவியை உருவாக்கினார். தோலில் ஊறும் வியர்வையை அளப்பது பிற்பாடு சேர்ந்துகொண்டது. 'பொய் கண்டுபிடிக்கும் மெஷின்' என்று பெயர் வாங்கிவிட்டது. உண்மையில் அது கண்டுபிடிப்பது பொய்யை அல்ல, பதற்றத்தை! நிரபராதி பயந்தாலும் முள் துள்ளும். கைதேர்ந்த பொய்யனிடம் அது பாட்டுக்குப் பேசாமல் இருக்கும். சம்மதம் இல்லாமல் யாரையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று 2010-ல் நம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

நம் கிராமங்களில் மெஷின் எதற்கு? சூடத்தை ஏற்றி, "அணைச்சு சத்தியம் பண்ணு" என்பார்கள். பொய் சொன்னவனுக்குக் கை நடுங்கும். அதுவும் பதற்றத்தைப் பிடிக்கிற வித்தைதான்.

சரி, மனுஷன் ஏன் பொய் சொல்கிறான்? பெல்லா டிபாலோ என்ற மனோதத்துவ நிபுணர் 1996-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். ஒரு வாரம் சொன்ன பொய்களையெல்லாம் டைரியில் எழுதிவரச் சொன்னார். கல்லூரி மாணவர்கள் சராசரியாக நாளைக்கு இரண்டு. மற்றவர்கள் நாளைக்கு ஒன்று. பெரும்பாலும் சில்லறைப் பொய்கள். திட்டு வாங்காமல் இருக்க, கௌரவம் காப்பாற்ற, அடுத்தவர் மனசு நோகாமல் இருக்க. 'சாம்பார் பிரமாதம்' வகையறா. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் உண்மைக்குச் சமம் என்று வள்ளுவரே சலுகை கொடுத்திருக்கிறார். அடுத்த குறளிலேயே, தெரிந்து பொய் சொன்னவனை அவன் மனசே வாட்டி எடுக்கும் என்று எச்சரிக்கையும் வைத்துவிட்டார்.

வாட்டுவது மனசை மட்டும்தானா? 2012-ல் அமெரிக்காவின் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தில் அனிதா கெல்லி 110 பேரை 10 வாரம் கவனித்தார். பாதிப் பேரிடம் 'பொய்யை நிறுத்துங்கள்' என்றார். மீதிப் பேர் வழக்கம்போல. பொய்யை நிறுத்தச் சொன்னவர்கள் மூன்று சில்லறைப் பொய்களைக் குறைத்த வாரங்களில் தலைவலி, தொண்டை வலி மாதிரியான உடம்புப் புகார்கள் சராசரியாக மூன்றும், மனக்கவலைப் புகார்கள் நான்கும் குறைந்தனவாம். 'புகாரிலேயே பொய் சொல்லியிருந்தால்?' என்று கேட்பீர்கள். சொன்ன பொய்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்க வாராவாரம் அந்த மெஷினில் உட்கார வைத்தார்கள். அந்த மெஷினின் யோக்கியதையைத்தான் மேலே பார்த்தோம். அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளலாம்.

பழகப் பழக வியர்வையும் நின்றுபோகும், ஸார். 2016-ல் லண்டனில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சுயலாபத்துக்காகப் பொய் சொல்லச் சொல்ல, உணர்ச்சிகளைக் கவனிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. பொய்யின் சைஸ் பெரிதாகிக்கொண்டே போனது. வியர்க்காத பொய்தான் ஆபத்தான பொய். எனக்கு அது என் சித்தப்பா மூலம் தெரிந்தது.

சின்னமனூர்ப் பக்கம் வாழை போட்டிருக்கிறார். பத்து வருஷமாகச் சர்க்கரை. செக்கப்புக்குக் கூட்டிப்போவது நான்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" டாக்டர்.

"ஒரு வேளை தவறுறதில்ல சார்." சித்தப்பா.

டாக்டர் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். வாரத்தில் மூன்று நாள்கூட அவர் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். சித்திக்கும் தெரியும். "எத்தனை மாத்திரையைத்தான்டா முழுங்குறது? கிட்னி என்னத்துக்கு ஆகும்?" என்பது வீட்டில் அவருடைய வாதம். டாக்டர் முன்னால் பெரியவரைக் காட்டிக்கொடுக்கலாமா என்பது என் வாதம்.

டாக்டர் என்ன செய்வார்? ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை குறையவில்லையே என்று டோஸை ஏற்றினார். அடுத்த முறை இன்னும் ஏற்றினார். மூன்றாவது முறை இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்.

போன வருஷம் சித்தப்பாவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீட்டில் எழுதியிருந்த அத்தனையையும் நர்ஸ் வேளை தவறாமல் கொடுத்தார். அவர் கடமை அது. சித்தப்பாவோ கஞ்சியைக்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்து "யாருப்பா நீ?" என்றார். சர்க்கரை 42! ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை மணி நேரம் கழித்து, "வாழைக்குத் தண்ணி பாச்சியாச்சாடா?" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

காலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "இந்த டோஸ் அவரோட உடம்புக்கு எழுதினது இல்லப்பா. நீங்க ரெண்டு பேரும் சொன்ன பொய்க்கு எழுதினது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இது சின்னமனூர்ச் சமாசாரம் மட்டுமில்லை. 2018-ல் அமெரிக்காவில் சுமார் 4,500 பேரிடம் எடுத்த இரண்டு சர்வேக்களில், டாக்டரிடம் ஏதாவது ஒன்றை மறைத்திருக்கிறோம் என்று ஒன்றில் 60 சதவிகிதத்துக்கு மேலும், இன்னொன்றில் 80 சதவிகிதத்துக்கு மேலும் ஒப்புக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால், அதிகம் பேர் சொன்ன காரணம்: 'தப்பா நினைப்பாங்க, லெக்சர் அடிப்பாங்க!' உத்தமபாளையம் இளைஞருக்கும் என் சித்தப்பாவுக்கும் அமெரிக்காக்காரருக்கும் ஒரே பயம்தான்.

அதனால் நண்பர்களே, மேனேஜரிடம் நீங்கள் எந்த ஊரைத் தாண்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. டாக்டரிடம் மட்டும் வீரபாண்டியில் இருக்கிறீர்கள் என்றால் வீரபாண்டி என்றே சொல்லுங்கள். சிகரெட் நாலு என்றால் நாலு. வாரக்கடைசிக் குவார்ட்டர் என்றால் குவார்ட்டர். மாத்திரை மறந்தால் மறந்தது. டாக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 'ஒழுங்கா போடுறீங்களா?' என்று கேட்டால் யாரும் 'ஆமா' என்றுதான் சொல்வார்கள். 'வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது?' என்று கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவிடம் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள். "ரெண்டு நாள் மறந்துபோகுது சார்" என்றார். டோஸ் குறைந்தது. சேர்த்த மாத்திரையும் போயிற்று. மாத்திரை குறைந்த சந்தோஷத்தில் தினமும் போடுகிறார்!

இந்தக் கட்டுரைக்காகப் பத்திரிகை ஆபீஸிலிருந்து போன் வந்தது. "எந்த அளவுல இருக்கு?" கடைசிப் பாரா ஸார் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "இன்னும் ஆரம்பிக்கல ஸார்" என்றேன். திட்டு விழுந்தது. மொத்தம் இரண்டு நிமிஷம்.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.