நூலகருக்கு ஒரு வகுப்பு வேண்டும்

படித்தவர்கள் எளிதில் ஏமாற மாட்டார்கள் என்ற நம்பிக்கையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அசைத்துவிட்டது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர்களின் இரு இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930 முதல் இயங்கும், பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட சங்கத்தினுடையது. இன்னொன்று, ஒருபால் இணையர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை எதிர்த்து 2002இல் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழுவினுடையது. பார்வைக்கு இரண்டுமே கச்சிதம். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவையே நம்பினார்கள். வரலாற்றாளர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை.

அவர்கள் செய்தது எளிமையானது. பக்கத்தை முழுக்கப் படிக்கும் முன்பே வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். மற்ற இரு தரப்பினரோ பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பல்கலைக்கழக நூலகங்களும் நெடுங்காலம் அப்படித்தான் கற்றுக்கொடுத்தன. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகம் 2004இல் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தது. தேதி என்ன, எழுதியவர் யார், நோக்கம் என்ன என்று கேட்கும் அந்தப் பட்டியல் எங்கெங்கோ பரவியது. நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால், பொய்யையே தொழிலாகக் கொண்டவருக்கு அத்தனைக்கும் பதில் எழுதி வைக்கத் தெரியும்.

ஆகவே வெளியே வந்து தேடும் பழக்கத்தைத்தான் இப்போது கற்பிக்க வேண்டும். அதற்கு நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பழைய நாளிதழ்த் தொகுப்பும் ஆய்விதழ்களும் அங்கேதான் இருக்கின்றன. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளில் ரூ.6,000 கோடி. சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. வரவேற்க வேண்டிய செலவு. ஆனால், அவற்றை எடுத்துப் பார்க்கச் சொல்லித்தர ஆள் எங்கே? நம் பாடத்திட்டத்தில் நூலகரின் பங்கு பெரும்பாலும் முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தைச் சுற்றிக்காட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்கு முன் கணித ஆசிரியர். வாசகருக்கும் நூலுக்கும் நடுவே ஒருவர் நின்று வழிகாட்டுவதுதான் நூலகப் பணியின் உயிர் என்று கருதியவர். அவர் ஊரிலேயே அந்தப் பணி ஒடுங்கிக் கிடப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

வெளியே வந்து தேடும் பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்தோம். 2023 மார்ச்சில் பிஹார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. வேறு மாநிலங்களில் நடந்த, தொடர்பே இல்லாத சம்பவங்களும் அவற்றில் இருந்தன. அஞ்சியவர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். பிஹார் அரசு இங்கே குழு அனுப்பியது. காவல் துறை இந்தியில் விளக்கம் தர வேண்டியிருந்தது. அந்தக் காணொளிகளில் ஒன்றின் ஒரு காட்சியை நிறுத்தி, அந்தப் படத்தை இணையத்தில் தேடி, முதலில் எங்கே, எந்தத் தேதியில் வெளியானது என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். முதல் பருவத்தில் வாரம் ஒரு மணி நேரம், மதிப்பெண்ணோடு, நூலகரே நடத்தும் பாடமாக இதை வைக்கலாம். பயிற்சிக்கு அமெரிக்க உதாரணங்கள் வேண்டாம். மாணவர்களின் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அன்று காலை வந்த செய்தியே போதும்.